கடைசி அறை

பாடாலூர் பஸ் நிறுத்தத்தில் நின்று, "கடலுக்கு எந்த பஸ்?" என்று கேட்டால், திருச்சி போய் நாகப்பட்டினம் பஸ் மாறச் சொல்வார்கள். சரியான பதில்தான். ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வரும். சாலையைத் தாண்டி ஊட்டத்தூர்ப் பக்கம் ஐந்து கிலோமீட்டர் போனால் போதும், கடலுக்குள் இறங்கிவிடலாம். தண்ணீர் விலகி ஆறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் அந்தக் கடலின் கரையோரம். பூமலை சஞ்சீவிராயராக ஆஞ்சநேயர் ஏறி நிற்கும் பாறையும், மேற்கே பரவிக் கிடக்கும் பாறைகளும் உயிரின் தடயம் ஏதும் இல்லாத பழம்பாறைகள். கிழக்கே போகப் போகப் பாறையின் குணம் மாறும். களிமண் படிவு, மணற்கல், சுண்ணாம்புக்கல் என்று எல்லாமே நீருக்கடியில் படிந்து இறுகியவை. பழையதும் புதியதும் சந்திக்கும் விளிம்பு ஊட்டத்தூர், காரை, குளக்காநத்தம் பக்கமாக ஓடுகிறது. பதினோரு கோடி ஆண்டுகளுக்கு முன் அலை வந்து தொட்ட இடம் ஏறத்தாழ அதுதான்.

வெற்றிலை மாலை சாத்தும் வரிசையில் நிற்கும்போது நான் கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பேன். கடலைத் தாண்டியவருக்குக் கடற்கரையில் கோயில். கட்டியவர்கள் அதை நினைத்துக் கட்டியிருக்க நியாயமில்லை.

*

அக்கா மகன் கப்பலில் இருக்கிறான். சரக்குக் கப்பல் என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறோம், விளக்குவது கஷ்டம் என்பதால். உண்மையில் அது நூற்றுச் சொச்சம் பயணிகளை ஏற்றிக்கொண்டு தென் துருவம் பக்கம் போய்வரும் சின்னக் கப்பல். இவன் எலக்ட்ரீஷியன். அர்ஜென்டினாவின் தெற்கு முனையில் உஷுவாயா என்ற துறைமுகத்தில் புறப்படுவார்கள். டிரேக் நீரிணையில் இரண்டு நாள் ஆட்டம். அதற்கப்புறம் பனி.

காசு கட்டி வருகிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்கிறான். கரைக்கு ரப்பர் படகில் கொண்டுபோய் இறக்குவார்களாம். ஒரு நேரத்தில் நூறு பேருக்கு மேல் ஓர் இடத்தில் இறங்கக் கூடாது. பென்குயினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். போகும்போதும் வரும்போதும் பூட்ஸை மருந்துத் தண்ணீரில் கழுவ வேண்டும், ஓர் ஊர் விதை இன்னோர் ஊருக்குப் போய்விடக் கூடாது என்று. ஒரு கூழாங்கல்லைக்கூடப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது.

இவன் வேலை செய்கிற இடத்தில் ஜன்னல் கிடையாது. இரண்டு மாதம் கழித்துப் படகில் ஓர் இடம் காலியாக இருந்த அன்றுதான் முதல் பென்குயினைப் பார்த்தானாம்.

"எப்படிடா இருந்துச்சு?"

"கோழிப்பண்ணை நாத்தம் மாமா. படகு கரைக்குப் போறதுக்கு முன்னாடியே அடிக்குது."

தொலைதூர நிலம் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களைப் படித்திருக்கிறேன். இந்த ஒரு வரி போல எதுவும் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதில்லை.

*

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். பயணிகளுக்காகக் கப்பலில் தினமும் யாராவது ஒரு விஞ்ஞானி பேசுவார். வேலைக்காரர்களின் சாப்பாட்டுக் கூடத்தில் உள்ள டிவியிலும் அது ஓடும். டிவித் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி சுருண்ட கல், குறுக்கே வரிவரியாக மேடு. அண்டார்டிகத் தீபகற்பத்தின் ஓரத்தில் ஜேம்ஸ் ராஸ் தீவுப் பக்கம் கிடைத்த அம்மோனைட்.

"மாமா, இது நம்ம காரை ஓடையில கிடக்கறதுதானே?"

பரணில் இருந்த டப்பாவை இறக்கினேன். முப்பது வருடத்துக்கு முன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போன அன்று பொறுக்கியது. உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் உடைந்திருக்கும். அதைத் தரையில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். அங்கே பகல் போலிருக்கிறது, உடனே பதில் வந்தது. வெறும் ஒரு கைகூப்பும் பொம்மை.

அன்று தூங்க நேரமாயிற்று.

*

அவன் கேட்டதற்குச் சரியான பதிலை நானும் மெதுவாகத்தான் திரட்டினேன்.

இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் எல்லாம் ஒரே நிலமாகச் சேர்ந்திருந்த காலம் உண்டு. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகாவின் பக்கத்திலிருந்து நாம் கழன்றோம். மடகாஸ்கர் நம்மோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தது. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் அதுவும் பிரிந்தது. பிரிந்த விளிம்புகள் தாழ்ந்தன. தாழ்ந்த இடத்தில் கடல் நுழைந்தது. எங்கள் கடல் அப்படி வந்ததுதான். இடையில் நிறைய நீர், ஆனால் நிலங்கள் இன்று இருக்கிற தூரத்தில் இல்லை. ஓர் உயிரின் சொந்தக்காரர்கள் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் வாழ முடிந்த தூரம்தான்.

வியன்னாவைச் சேர்ந்த ஃபிரான்ஸ் கோஸ்மாட் 1895இலிருந்து 1898 வரை தென்னிந்தியக் கிரெட்டேசியக் கால அம்மோனைட்டுகளைப் பற்றி எழுதினார். அவர் பெயரால் கோஸ்மாட்டிசெராஸ் என்று ஓர் இனத்துக்குப் பெயர் வைத்தார்கள். அந்தக் குடும்பத்துக் கற்கள் எங்கள் பக்கத்து மணற்கல்லிலும் இருக்கின்றன, மடகாஸ்கரிலும் இருக்கின்றன, அக்கா மகனின் கப்பல் போகிற பனிக்கரையிலும் இருக்கின்றன.

பிறகு நம் நிலம் வடக்கே நகர்ந்தது. வேகமெடுத்த காலத்தில் வருடத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல். நம் விரல் நகம் வளர்கிற வேகத்தைப் போல நான்கைந்து மடங்கு. கண்டங்களின் கணக்கில் அது ஓட்டம். பாடாலூரில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று என்னைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. உஷுவாயாவிலிருந்து பனிக்கரைக்குப் போகிற தூரத்தைப் போலப் பல மடங்கு தூரம் வந்திருக்கிறது நான் உட்கார்ந்திருக்கும் இந்தத் தரை.

*

எங்கள் பக்கத்துத் தெரணியில் களிமண் வெட்டுகிற குழி. வெள்ளையும் வெளிர் சாம்பலுமான மண், பீங்கானுக்குப் போவது. ஏடு ஏடாகப் பிரியும். ஒரு ஏட்டைப் பிரித்தால் சில நேரம் உள்ளே இலை. பூக்கும் செடிகள் பெருகுவதற்கு முந்தைய காலத்து இலை, சீப்புப் பல் மாதிரி இரண்டு பக்கமும் வரிசையாக. டிலோஃபில்லம் என்று பெயர். கடல் வருவதற்கு முன் கரையில் நின்ற காடு அது.

பிரித்த சிறிது நேரத்தில் வெயில் பட்டு நிறம் மாறும். அவசரமாகப் பார்க்க வேண்டும்.

*

தை கடைசியில் விடுப்பில் வந்தான். மறுநாள் விடிகாலை என் ஸ்கூட்டரில் காரைக்குப் போனோம். வழியில் சின்ன வெங்காயத்தைப் பிடுங்கித் தாள் அரிந்து பட்டறை போட்டிருந்தார்கள். பனி ஈரத்தில் அந்த வாசனை சட்டையில் ஏறியது. கரிசல் காட்டில் பருத்தி கடைசி எடுப்பு. ஊர் தாண்டி முள்ளுக்காட்டுக்குள் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம்.

காரை என்றால் முள் செடி. காரை என்றால் சுண்ணாம்புச் சாந்தும். ஊர்ப்பெயர் எதிலிருந்து வந்ததோ, இரண்டுமே இங்கே பொருந்தும்.

அந்த இடத்தை முதல்முறை பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேச்சிழந்துபோவார்கள். சமதரை திடீரென்று அறுந்து, ஆயிரம் சிறு பள்ளங்களாகவும் ஓடைகளாகவும் மேடுகளாகவும் கிழிந்து கிடக்கும். புல் கிடையாது. காவி, மஞ்சள், பச்சை கலந்த சாம்பல் என்று நிறங்கள் பட்டை பட்டையாக. ஒவ்வொரு மழையும் கொஞ்சம் அரித்து எடுத்துப்போகும். மழை அடுத்து என்ன காட்டும் என்று யாருக்கும் தெரியாது. காலை வெயில் சாய்ந்து விழும்போது மேட்டுச் சரிவு முழுக்கக் கண்ணாடித் துண்டு கொட்டியது போல மின்னும். அது ஜிப்சம். களிமண்ணின் வெடிப்புகளில் தகடு தகடாகப் படிந்தது.

அவன் முன்னால் போனான். கப்பல்காரன் நடை அவனுக்கு வந்துவிட்டிருந்தது, காலைக் கொஞ்சம் அகட்டி. ஓர் ஓடையின் அடியில் குந்தி உட்கார்ந்தான். விரல் பருமனில் கூர் முனையோடு பழுப்புக் கற்கள் சிதறிக் கிடந்தன. ஆடு மேய்க்கிற பிள்ளைகள் அதைத் தோட்டா என்று பொறுக்கி விளையாடுவார்கள். பெலம்னைட். கணவாய் மாதிரி ஒரு பிராணியின் உடலுக்குள் இருந்த கெட்டிக் கூடு. தசையெல்லாம் போய், ஓட்டத்தில் நேராக நீந்த உதவிய அந்தக் கூர்க்கல் மட்டும் மிஞ்சியது.

"எடுத்துக்கயேன்" என்றேன்.

அவன் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். முனை எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்ததோ அதே பக்கமாகத் திருப்பி வைத்தான். அதை யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. கைப் பழக்கம்.

எனக்கு முகம் கொஞ்சம் சூடாயிற்று. அன்று பிள்ளைகளோடு வந்தபோது ஆளுக்கொரு பை நிறையப் பொறுக்கினோம். நான்தான் பொறுக்கச் சொன்னேன். அதற்கப்புறம் சாக்கு நிறைய அள்ளிப்போய் விற்கிறவர்களும் வந்தார்கள். காவல் இல்லை, வேலியும் இல்லை. ஆளே இல்லாத பனிக்கரையில் ஒரு கூழாங்கல்லுக்குச் சட்டம் இருக்கிறது. ஜனங்கள் நடமாடுகிற காரையில் மண்ணரிப்பில் வெளிவந்த கல்லுக்கு முதலில் பார்த்தவர்தான் சொந்தக்காரர்.

நாங்கள் அதிகம் பேசவில்லை. இரண்டு மணி நேரம் இருந்திருப்போம். ஒரு கௌதாரி மேட்டுக்கு அந்தப் பக்கம் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவன் ஒரு தடவை மட்டும் கேட்டான், "இங்க எவ்வளவு ஆழம் இருந்திருக்கும் மாமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. இருவரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தோம். தண்ணீருக்கு அடியில் நிற்கிறவர்கள் பார்ப்பதைப் போல.

வீட்டுக்கு வந்ததும் வாசலில் குந்தி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஷூவின் அடிப்பாகத்தைத் தேய்த்துக் கழுவினான். அக்கா சிரித்தாள். "ஏன்டா, கோயிலுக்குப் போயிட்டு வந்த மாதிரி காலைக் கழுவுற."

*

அம்மோனைட்டை அறுத்துப் பார்த்தால் அது வீடு என்று தெரியும்.

உள்ளே சுவர் சுவராகத் தடுத்த அறைகள். குஞ்சாக இருக்கும்போது நடு மையத்தில் கடுகளவு இடத்தில் தொடங்கும். வளர வளர முன்னால் ஓட்டை நீட்டும், உடலை முன்னால் நகர்த்தும், பின்னால் ஒரு சுவரை எழுப்பி அடைத்துவிடும். அது குடியிருப்பது எப்போதும் வாயிலை ஒட்டிய கடைசி அறையில் மட்டுமே. அடைத்த அறைகள் வீண் இல்லை. மெல்லிய குழாய் ஒன்று எல்லா அறையையும் ஊடுருவிப் போகும். அதன் வழியாக அறைகளிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். வெளியேறிய நீர் விட்ட இடத்தில் வாயு நிறையும். அந்தக் காலி அறைகளின் தயவில்தான் அது மிதக்கும். உயிரோடு இருக்கிற உறவினர் நாட்டிலஸ் இன்றைக்கும் பசிபிக்கின் குளிர்ந்த ஆழங்களில் இதைத்தான் செய்கிறது. வளர்ந்த ஒன்றுக்குச் சுமார் முப்பது அறை.

ஆறரைக் கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன், டைனோசர்களோடு அம்மோனைட்டுகளும் போயின. நாட்டிலஸ் தப்பியது. ஏன் என்பதற்கு முட்டையின் அளவு, குஞ்சுகள் எங்கே வாழ்ந்தன, என்ன தின்றன என்று பல யோசனைகள் உண்டு. எனக்குப் பிடித்தது காரணம் அல்ல, அம்மோனைட்டின் அந்தச் சுவர்கள். ஒவ்வொன்றின் விளிம்பும் ஓட்டைச் சேரும் இடத்தில் இலை நரம்பு போலவும் கோலத்தின் சிக்கு போலவும் வளைந்து வளைந்து போகும். யாரும் பார்க்கப் போகாத அடைத்த அறையில் இவ்வளவு நுணுக்கம்.

*

எங்கள் பாறைகளை முதலில் ஒழுங்காக வகுத்தவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த இளைஞர். 1862இல் வந்த அவர் அறிக்கையில் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகள். பின்னால் வந்தவர்கள் அவற்றுக்குள் சின்னச் சின்னப் பிரிவுகள் கண்டார்கள். காரை, கல்லங்குறிச்சி, சில்லக்குடி, ஒட்டக்கோவில், கல்லமேடு. டவுன் பஸ் கண்டக்டர் கூவுகிற நிறுத்தங்களின் பட்டியல் மாதிரி இருக்கும். உலகத்தில் எந்த மூலையில் கிரெட்டேசியம் படிக்கிறவனும் இந்தப் பெயர்களைத் தட்டுத்தடுமாறியாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிளான்ஃபோர்ட் அதோடு நிற்கவில்லை. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரே மாதிரி உயிர்த்தடங்கள் இருப்பதைப் பார்த்து, இடையில் ஒரு பெருநிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று 1875இல் எழுதினார். நிலம் நகரும் என்ற எண்ணம் அப்போது பரவியிருக்கவில்லை, அதனால் மூழ்க வைத்தார். நிலம் மூழ்கிய கதை நம்மவர்களுக்கு எவ்வளவு பிடித்துப்போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. மூழ்கியதை நினைத்து ஒரு நூற்றாண்டு உருகியிருக்கிறோம். கடலிலிருந்து மேலே வந்து காலடியில் கிடப்பதை யாரும் பாடவில்லை.

அதே 1875இல் அவர் இந்தியாவின் வானிலைத் துறைக்குத் தலைமை ஏற்றார். இமயத்துப் பனியின் அளவைப் பார்த்து மழையை முன்கூட்டிச் சொல்ல முயன்றவரும் அவரே. அவர் பொறுக்கியனுப்பியவற்றையும் சேர்த்து விவரித்து எழுதிய ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1874இல் லடாக் மலைப்பாதையில் திரும்பி வரும்போது இறந்தார். கல்லறை லேயில் இருக்கிறது. எங்கள் கடல் நத்தைகளை வருடக்கணக்காகத் தடவிப் பார்த்த கை, நம் நிலம் போய் மோதிய இடத்தில் அடங்கியது.

*

2020 ஐப்பசியில் குன்னத்தில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகப் பெருங்கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவி ஊரே திரண்டது. நிபுணர்கள் வந்து பார்த்து, முட்டை இல்லை, அம்மோனைட்டைச் சுற்றிக் கனிமம் திரண்டு உருண்ட கற்கள் என்றார்கள். கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது. எனக்கு அந்த ஏமாற்றம் புரியவே இல்லை. முட்டையாக இருந்தால் மட்டும் என்ன செய்திருப்பார்கள்?

டைனோசரும் இங்கே இல்லாமல் இல்லை. கல்லமேட்டுப் பக்கம் கிடைத்த மாபெரும் எலும்புகளை நிலவியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் கடைசியில் விவரித்து, ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பேருடல் கொண்டது. உலகத்திலேயே பெரியவற்றுள் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றும் பேசுகிறார்கள். ஆனால் அந்த எலும்புகள் எடுத்த பிறகு உதிர்ந்து பொடியாகிப் போயின. சில பழைய நிழற்படங்கள் மிஞ்சி, 2022இல் வெளியாயின. பெரியது பொடியானது. ஓடையில் விரல் நீளத் தோட்டாக் கல் கிடந்த பக்கமாகவே கிடக்கிறது.

*

சாத்தனூர்க் கல்மரத்துக்கும் போனோம். பதினெட்டு மீட்டர் நீளம் படுத்துக் கிடக்கிறது. பலகை பன்னிரண்டு கோடி ஆண்டு என்கிறது. எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் உலகுக்குச் சொன்ன மரம். இப்போது வேலி, நடைபாதை, பூங்கா. ஆற்று வெள்ளத்தில் அடித்து வந்து கடலில் அமிழ்ந்த மரம் என்று சொல்லிக்கொடுத்தேன். அவன் தலையை ஆட்டிவிட்டுச் செல்பேசியைப் பார்த்தான். அடுத்த ஒப்பந்தத்துக்கு மருத்துவச் சோதனை தேதி வந்திருந்தது.

*

கரைவெட்டி. ஏரி நிறைந்து கிடந்தது. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்காலில் வந்து சேரும் ஏரி, ஏறத்தாழ 454 ஹெக்டேர். 1999இல் சரணாலயம் ஆயிற்று, 2024 தொடக்கத்தில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தூரத்தில் வரித்தலை வாத்துகள் ஒரு கூட்டம், வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடு. இமயத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்து உயர்நிலங்களிலிருந்து வருகிறவை.

அவன் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. நான் கொஞ்சம் கிட்டே போகலாம் என்றேன்.

"வேண்டாம் மாமா. தலையத் தூக்குது பாருங்க. அதுக்குத் தெரிஞ்சுபோச்சு."

நான் பார்த்தேன். ஒன்றே ஒன்று கழுத்தை நிமிர்த்தி எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. மற்றவை மேய்ந்தன. கரை முழுக்க டீ குடித்த காகிதக் கப்புகள்.

*

கல்லங்குறிச்சியில் பெருமாள் ஒரு கம்பம். கலியுக வரதராசர். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கம். சிப்பியாலேயே ஆன அடுக்குகள், உள்ளங்கைக் குழி போன்ற தடித்த சிப்பிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. வெடிவைத்து அள்ளி, அரைத்து, 1,450 டிகிரி சூட்டில் சுட்டால் சிமெண்ட். டால்மியாபுரத்து ஆலை 1939இலேயே வந்துவிட்டது. ஊர்ப் பெயரைக் கல்லக்குடி என்று மாற்றச் சொல்லி 1953இல் தண்டவாளத்தில் படுத்தார்கள். அரியலூரில் அரசு ஆலை 1979இல். இப்போது எண்ண முடியாத லாரிகள். சாலையோரத்துப் புளியமரங்கள் சாம்பல் நிறம்.

குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் உட்கார்ந்து எழுதுகிற சுவரும் அதுதான். அந்தக் குழி வெட்டாமல் இருந்திருந்தால் பாதிச் சிப்பிகளை யாரும் பார்த்திருக்கவே முடியாது என்பதும் உண்மை. பார்த்த மறு மாதம் அவை மூட்டையில்.

*

மாசி பிறந்து நான்காம் நாள் கிளம்பினான். திருச்சி விமான நிலையத்துக்குக் கார் வேண்டாம், பஸ்ஸே போதும் என்றான். பாடாலூர் நிறுத்தத்தில் பெட்டியோடு நின்றோம். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, சின்ன வெங்காய வடகம் எல்லாம் கட்டிக் கொடுத்திருந்தாள் அக்கா. விதை ஏதும் இல்லையே என்று அவன் இரண்டு தடவை கேட்டுக்கொண்டான்.

பஸ் போன பிறகு அக்கா வீட்டுக்குப் போனேன். அவன் வேலைக்குச் சேர்ந்தபோது ஓட்டு வீடு, ஒரே அறை. முதல் ஒப்பந்தம் முடித்து வந்து முன்னால் ஓர் அறை எடுத்தான். இரண்டாவதில் ஒரு கூடம். அப்புறம் அதற்கும் முன்னால் ஓர் அறை, இந்த முறை தெருவைத் தொட்டாற்போல ஒரு தாழ்வாரம். சிமெண்ட் மூட்டைகளில் அரியலூர் என்று அச்சடித்திருந்தது. ஒவ்வொன்று கட்டும்போதும் அக்கா கட்டிலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பின்னறைகளைப் பூட்டி வைத்திருக்கிறாள். கூட்ட முடியவில்லை, இடுப்பு வலி என்கிறாள்.

தாழ்வாரத்தில் கட்டில். பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் செல்பேசி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. ஒயர் பின்னறை எல்லாவற்றையும் கடந்து, பழைய ஓட்டு வீட்டு பிளக் வரைக்கும் போகிறது. புது அறைகளில் இன்னும் பிளக் போடவில்லை. மகன் எலக்ட்ரீஷியன்.

"உட்காரு" என்றாள். "இந்நேரம் சமயபுரம் தாண்டியிருப்பான்."